ஏலத்துக்கு வந்த தோட்டங்கள்



ஊரார் கூடிப் பயிரிடும் காய்கறித் தோட்டங்கள் சமுதாயத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்க எவ்வளவு தூரம் உதவும் என்பது பற்றிப் பேசுமாறு இச்சபையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். பொருளைக் கேட்ட மாத்திரத்தில் உங்களிற் சிலருக்கு எழுந்திருக்கக்கூடிய ஐயம் எனக்கும் எழாமல் இல்லை. செல்வனுக்கும் வறியவனுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டு ஆழ்ந்து கிடக்கும் பள்ளம், நாலு பாத்தி வெண்டைக்காயாலும் ஒரு பந்தல் அவரையாலும் தூர்ந்துபோகக் கூடியதா? தூர்ந்துவிடும் என்று உறுதி கூறும் அறிக்கைகளும் பிரசுரங்களும் இக்காலத்தில் ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றைப் படிக்கும்போது உள்ளம் குளிர்கிறதே ஒழியப் புத்தி சமாதானம் அடைவதில்லை.

ஆகவே பொதுப்படையாகப் பேசிப் பொழுதைக் கழிப்பதை விடுத்து, ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஏழை மக்கள் பாழ்மனைகளைத் தோட்டமாக்கிய வரலாற்றையும், அத்தோட்டங்களுக்குப் பின்னர் நேர்ந்த கதியையும் சற்று விரிவாக ஆராய்வது நலம் என்று எண்ணுகிறேன். அந்நகரம் நியூயார்க். செல்வத்துக்கே பெயர்போன ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்பீர்கள். ஓர் அடி நிலம் பொன்விலை பெறும் இடத்தில்தான், நிலம் யாருக்குப் பாத்தியப்பட்டது என்னும் கேள்வி மறைக்க முடியாதபடி வெட்டவெளிச்சமாக நிற்கிறது. என் பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே வரப்போகிறது.

1970-களில் நியூயார்க் நகரம் ஏறக்குறைய ஓட்டாண்டியாகிவிட்டது. 1975-இல் நகராட்சி, தான் வாங்கிய கடன்களுக்குத் தவணை செலுத்த வழியின்றித் திவாலின் விளிம்பில் வந்து நின்றது. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற, வசதி படைத்த வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்துவிட, நகரின் நடுவே எஞ்சியவர்கள் பெரும்பாலும் தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களும், கரிபியக் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகளுமே. இவர்கள் வாழ்ந்த பேட்டைகளுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று, அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக் கடன் ஸ்தாபனம் 1930-களிலேயே வரைபடங்களில் சிவப்பு மை பூசி அடையாளம் செய்து வைத்திருந்தது. வீடு பழுதுபட்டால் செப்பனிடக் கடன் கிடையாது. செப்பனிடாத வீட்டுக்கு நல்ல வாடகை வராது. வாடகை வராத வீட்டுக்கு வரி கட்ட உரிமையாளருக்கு மனம் வராது. வரி பாக்கிக்காக வீடுகளை நகராட்சியே எடுத்துக்கொள்ளும்படி அவர்கள் கைகழுவி விட்டார்கள். சிலர் இன்னும் ஒரு படி இறங்கி, இன்ஷூரன்ஸ் பணத்தின்மேல் ஆசை வைத்துத் தம் கட்டடத்துக்குத் தாமே ஆள் வைத்துத் தீ மூட்டினார்கள். தென் பிராங்ஸ் பகுதியில் தெருத்தெருவாக இவ்வாறு எரிந்தது. எரிந்த கட்டடத்தை இடித்துத் தள்ளினால் மிஞ்சுவது ஒரு வெற்று மனை. செங்கற் சல்லியும் உடைந்த கண்ணாடியும் பழைய மெத்தைகளும் நிறைந்த அத்தகைய மனைகள், ஆயிரக்கணக்கில், நகராட்சியின் கையில் வந்து சேர்ந்தன.

அந்த நிலங்களை அப்போது சீண்டுவார் இல்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1973-இல், அந்நகரின் மன்ஹாட்டன் பகுதியில் பௌரி, ஹூஸ்டன் என்னும் இரு தெருக்கள் கூடும் மூலையில் கிடந்த ஒரு குப்பை மனையை, லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியப் பெண்மணியும் அவருடைய நண்பர்களும் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். 'பசுமைக் கெரில்லாக்கள்' என்று தங்களை விளையாட்டாக அழைத்துக்கொண்ட இவர்கள், அதற்கு முன்பே வேலியிட்ட வெற்று மனைகளுக்குள் விதையும் உரமும் அடைத்த உருண்டைகளை வீசி எறிவதை ஒரு வழக்கமாகக் கொண்டிருந்தவர்கள். மனையைத் திருத்தி, மண் நிரப்பி, 60 மேட்டுப்பாத்திகள் அமைத்துக் காய்கறி விதைத்தபின், அடுத்த ஆண்டில் நகராட்சி அந்த இடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களிடம் விட்டது. ஒரு டாலர் என்றால் தானம் என்றே சொல்லலாம். ஆனால் தானமாகக் கொடுக்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டார்கள் என்பதும் உண்மை. 1978-இல் 'க்ரீன்தம்' என்ற பெயரில் நகராட்சியே ஒரு திட்டத்தை ஏற்படுத்தி, இவ்வாறு மனைகளைத் திருத்துவோருக்கு உரிமமும் மண்ணும் மரப்பலகையும் கொடுக்க முன்வந்தது. அந்தத் திட்டத்தின்கீழ் இன்று 550-க்குக் குறையாத தோட்டங்கள் இருக்கின்றன.

இத்தகைய தோட்டம் ஒன்றை உண்டாக்குவது எத்தனை சிரமமான காரியம் என்பதைச் சற்று விவரிக்க விரும்புகிறேன். ஏனெனில் தோட்டம் என்றவுடன் கிணற்றடியும் வாழையும் கண்முன் தோன்றும் நமக்கு, அந்த மனைகளின் தன்மை எளிதில் விளங்காது. மண் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மண்வெட்டி போட்டால் 'நங்' என்று செங்கல்லில் மோதும். கல்லைப் பொறுக்கி எடுத்த பிறகு அடியில் கிடைக்கும் கொஞ்ச மண்ணிலும் ஈயம் கலந்திருக்கும். இடித்த வீடுகளின் பழைய சுவர்ப்பூச்சிலிருந்தும், ஈயம் சேர்த்த பெட்ரோலை எரித்துக் கார்கள் கக்கிய புகையிலிருந்தும் பல ஆண்டுகளாக அந்நிலத்தில் படிந்த ஈயம் அது. குழந்தைகளின் மூளைக்கு அது கேடு செய்யும். ஆதலால் உள்ளூர் மண்ணில் நேரே விதைக்காமல், பலகைகளால் பெட்டி போலச் சட்டம் அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, அந்த மேட்டுப்பாத்தியில்தான் பயிர் வைக்கிறார்கள். தண்ணீருக்குத் தெருவோரத் தீயணைப்புக் குழாயே கதி. நகராட்சியிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, அதைத் திறப்பதற்கென்றே உள்ள சாவியால் திருகி, ரப்பர்க் குழாயைத் தெருவிலிருந்து பாத்திவரைக்கும் இழுத்துவந்து பாய்ச்ச வேண்டும். பனிக்காலம் நான்கு மாதத்தைத் தின்றுவிடும். இவ்வளவையும் செய்தவர்கள், பகலெல்லாம் மருத்துவமனையிலும் ஓட்டலிலும் மாடிப்படி துடைப்பதிலும் உழைத்துக் களைத்தவர்கள்.

அவர்கள் பயிரிட்டது என்ன என்று பார்த்தால் அவரவர் பூர்வீகம் தெரிந்துவிடும். கறுப்பின முதியவர்கள் கொல்லார்ட் என்னும் தடித்த இலைக் கீரையும் வெண்டையும் வைத்தார்கள். அந்த வெண்டை, அவர்களுடைய முன்னோர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்தது. புவெர்ட்டோ ரிக்கோகாரர்கள் காரமில்லாத சிறு மிளகாயும், நம் கொத்தமல்லியின் மணத்தைக் கொண்ட ஒரு நீண்ட இலைக் கீரையும் வளர்த்தார்கள். அத்தீவு மக்கள் அரிசியோடு துவரையைச் சேர்த்துச் சமைப்பதைத் திருநாள் உணவாகப் போற்றுகிறார்கள் என்பதையும், அத்துவரையின் பூர்வீகம் நம் பாரத தேசமே என்பதையும், தமிழர் கூடிய சபையில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. தோட்டத்தின் மூலையில், தங்கள் கிராமத்து வீட்டின் சாயலிலேயே, பளிச்சென்ற வர்ணம் பூசிய ஒரு சிறு மரக்குடிலையும் அவர்கள் கட்டிக்கொண்டார்கள். 'காசிட்டா' என்பது அதன் பெயர். திண்ணையில் டாமினோ ஆட்டம், கொல்லையில் கோழிகள், மாலையில் கைக்கொட்டும் கொட்டுமாகப் பாட்டு. தென் பிராங்ஸில் 'ரிங்கோன் க்ரியோயோ' என்ற குடிலும் தோட்டமும், பொம்பா, ப்ளேனா என்னும் அவர்களுடைய நாட்டுப்புற இசைவகைகளுக்கு ஒரு குருகுலமாகவே விளங்கியது.

இனி, விளைச்சலைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசிவிடுவோம். 2010-இல், தோட்டங்களில் விளைவதையெல்லாம் தராசில் நிறுத்துக் கணக்கெடுக்கும் நல்ல முயற்சி ஒன்று தொடங்கிற்று. 60-க்கு மேற்பட்ட தோட்டங்களில், எல்லாம் சேர்த்து இரண்டு ஏக்கருக்கும் குறைந்த பாத்திகளில், ஒரு பருவத்தில் ஏறக்குறைய 40 டன் காய்கறி விளைந்ததாக அக்கணக்குச் சொல்லிற்று. இரண்டு ஏக்கருக்குள் 40 டன் என்பது அனுபவப்பட்ட குடியானவனும் மூக்கின்மேல் விரல் வைக்கும் மகசூல்தான். ஆயினும் அதை 80 இலட்சத்துக்கு மேற்பட்ட அந்நகர மக்களுக்குப் பகிர்ந்தால், ஆளுக்கு வருஷத்தில் ஐந்து கிராம் வரும். ஒரு பச்சை மிளகாயின் எடை. தோட்டம் நகரத்தின் பசியைத் தீர்க்கும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வகுத்தலை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முழங்கினால் நன்றாயிருக்கும்.

அவ்வாறாயின் பயன் எங்கே இருக்கிறது? அந்தப் பேட்டைகளிலேயே இருக்கிறது. புதிய கீரையும் பழமும் விற்கும் கடை இல்லாத தெருக்களில், மூலைக்கடையில் பொட்டலத் தின்பண்டமும் சர்க்கரைப் பானமுமே கிடைக்கும் இடங்களில், ஒரு தோட்டத்தில் விளையும் ஐந்நூறு, அறுநூறு கிலோ காய் முப்பது நாற்பது குடும்பங்களின் அடுப்புக்குப் போகும்போது அது ஐந்து கிராம் கணக்கில் அடங்குவதன்று. பிராங்ஸில் குடியேறிய காரென் வாஷிங்டன் என்ற பெண்மணியின் வரலாறு இதற்குப் பொருத்தமானது. இயன்முறை மருத்துவராகத் தொழில் பார்த்த அவர், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் தம்மிடம் வந்த ஏழை நோயாளிகளை எப்படி வாட்டுகின்றன என்பதை நாள்தோறும் கண்டவர். தம் வீட்டுக்கு எதிரே குப்பைமேடாகக் கிடந்த மனையை, 1988-இல் அயலாரோடும், நியூயார்க் தாவரவியல் தோட்டத்தார் நடத்திய உதவித் திட்டத்தின் துணையோடும் தோட்டமாக்கினார். அங்கிருந்து வளர்ந்தது, சுற்றுப்புறத் தோட்டங்கள் பல சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. அதிலிருந்து கிளைத்தது, தோட்டக்காரர்களே நடத்தும் ஒரு காய்கறிச் சந்தை. நகரின் மற்றொரு பகுதியான ப்ரூக்ளினில் ஹாட்டி கார்த்தன் என்ற மூதாட்டியார் அதற்கும் முன்பே தம் தெருவில் மரம் நடத் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டில் யாரோ தெற்கிலிருந்து கொண்டுவந்து நட்ட ஒரு மக்னோலியா மரத்தை இடிப்பார் கையிலிருந்து காப்பாற்றி, 1970-இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கச் செய்தார்.

இவர்கள் காய்கறியைக் காட்டிலும் பெரிதாக ஒன்றை விளைவித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கஞ்சித்தொட்டியின் முன் வரிசையில் நிற்பவனுக்கு வயிறு நிறையலாம். ஆனால் அந்த வரிசையில் நின்ற காரணத்தால் அவனுக்குச் சபையில் வாய் திறக்கும் யோக்கியதை வந்துவிடுவதில்லை. தோட்டத்திலோ, பாத்தி பிரிப்பதற்கு ஒரு கூட்டம், தண்ணீர் முறைக்கு ஒரு கூட்டம், கணக்கெழுத ஒருவர், வாயிற்சாவி வைத்துக்கொள்ள ஒருவர் என்று சிறு சிறு அதிகாரங்கள் பிறந்தன. நகராட்சி அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போன மாது, நாளடைவில் அங்கே கணக்குக் கேட்கும் மாதாக மாறினாள். பள்ளிக்கூடம் போதிக்காத இந்தக் குடியுரிமைப் பாடம் எவ்வளவு உதவிற்று என்பது, தோட்டங்களுக்கே ஆபத்து வந்த காலத்தில் தெரிந்தது.

ஆபத்து வந்த விதத்தைக் கேளுங்கள். 1990-களில் நகரம் மீண்டும் செழித்தது. பங்குச் சந்தை ஏறிற்று; குற்றங்கள் குறைந்தன; போனவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சீண்டுவாரற்றுக் கிடந்த மனைகளுக்கு விலை வந்தது. அப்போதைய மேயர் ருடால்ஃப் ஜூலியானி, தோட்டங்கள் பலவற்றை வீட்டுவசதித் துறையின் கணக்குக்கு மாற்றி, 1999 மே மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஏலம் விடுவதாக அறிவித்தார். கம்யூனிச யுகம் முடிந்துவிட்டது, இது சந்தைப் பொருளாதாரம் என்று வானொலியில் அவர் தோட்டக்காரர்களுக்கு நினைவூட்டவும் செய்தார். இருபது வருஷம் கல் பொறுக்கியவர்களுக்குக் கிடைத்த மறுமொழி அது.

மேயர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்நகரில் ஏழைகளுக்கு வீட்டுப் பஞ்சம் இருந்தது, இருக்கிறது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்பது வெறும் சாக்கு அன்று. தோட்டத்தையும் வீட்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஏழைக்கு எது வேண்டும் என்று கேட்டால் எவன்தான் தோட்டம் என்பான்? ஆனால் தோட்டக்காரர்கள் அதற்குக் கொடுத்த பதில் கூர்மையானது: நகராட்சியின் கையில் தோட்டமில்லாத வெற்று மனைகள் ஆயிரக்கணக்கில் கிடக்க, இவற்றின்மேல் ஏன் முதலில் கண் போகவேண்டும்? அதிக விலை கேட்பவனுக்குக் கொடுக்கும் ஏலத்தில், எடுக்கிறவன் ஏழைக்குத்தான் வீடு கட்டுவான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இவ்வினாக்களோடு அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள், தெருவிலும் இறங்கினார்கள். தக்காளியாகவும் சூரியகாந்தியாகவும் வேஷம் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள்; நகர மன்றப் பூங்காவின் மரத்தில் ஏறி ஒருவர் இறங்க மறுத்தார்; அதற்கு முந்திய ஆண்டு நடந்த ஓர் ஏலக்கூடத்தில் ஆயிரக்கணக்கான சுவர்க்கோழிகளைத் திறந்துவிட்டு ஏலதாரர்களை நாற்காலிமேல் ஏறச் செய்ததும் உண்டு.

ஏலத்துக்கு முந்திய நாள் சமரசம் ஏற்பட்டது. நடிகை பெட் மிட்லர் நிறுவிய ஒரு ஸ்தாபனமும், 'பொது நில அறக்கட்டளை' என்ற அமைப்பும் சேர்ந்து, பட்டியலில் இருந்த தோட்டங்களை 42 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டன. ஏழைகள் உண்டாக்கிய தோட்டம் ஏழைகளிடமே இருப்பதற்கு ஒரு நட்சத்திர நடிகையின் கருணை வேண்டியிருந்தது என்பதை நன்றியோடும், சற்று வருத்தத்தோடும்தான் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கருணை எட்டாத இடங்களில் நடந்தது வேறு. மன்ஹாட்டனின் கிழக்கு 7-ஆம் தெருவில், 1970-களிலேயே புவெர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் உண்டாக்கிய 'எஸ்பெரான்ஸா' தோட்டத்தில், அத்தீவின் சின்னமான 'கோகீ' என்ற சிறு தவளையைப் பெரிய உருவமாகக் கட்டி, அதற்குள் இரவும் பகலும் ஆட்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். 2000 பிப்ரவரியில் ஒரு காலைப் பொழுதில் காவல்துறை வந்து, சங்கிலியால் தம்மைப் பிணைத்துக்கொண்டவர்களைச் சங்கிலியை வெட்டி அப்புறப்படுத்த, புல்டோசர் தோட்டத்தை வழித்தது. தோட்டங்களை அழிக்கக் கூடாது என்ற நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை அதே நாளில்தான் வந்தது, வேலை முடிந்த பிறகு. மாநிலத் தலைமை வழக்கறிஞர் தொடுத்த அந்த வழக்கு 2002-இல், அடுத்த மேயர் ப்ளூம்பெர்க் காலத்தில், உடன்பாட்டில் முடிந்தது; ஏறக்குறைய 400 தோட்டங்கள் காக்கப்பட்டன, 30-க்கு மேற்பட்டவை கட்டடத்துக்கு உடனே விடப்பட்டன, மேலும் நூற்றுச் சொச்சம் பரிசீலனைக்கு வைக்கப்பட்டன.

இது நியூயார்க்குக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று எண்ண வேண்டாம். 1893-இன் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்தோர் நிறைந்த டெட்ராய்ட் நகரில், மறு ஆண்டே ஹேசன் பிங்க்ரீ என்ற மேயர், காலி மனைகளை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து உருளைக்கிழங்கு போடச் செய்தார். பணமுடை தீர்க்கத் தம் குதிரையையே விற்க முன்வந்த நல்ல மனிதர் அவர். நெருக்கடி தணிந்தது, மனைகள் மீண்டன, பாத்திகள் மறைந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ இரண்டு கோடி 'வெற்றித் தோட்டங்கள்' பச்சைப்பசேலென்று எழுந்தன. போர் ஓய்ந்ததும் ஊர்ப்பொது இடங்களில் இருந்தவற்றில் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போயின. பஞ்சத்தில் இரவல் கொடுப்பதும், பவிசு வந்தபின் திரும்பப் பிடுங்குவதும் ஆகிய இந்த வழக்கத்தில் ஏழையின் உழைப்பு நிலத்துக்கு விலை ஏற்றுகிறது. ஏறிய விலை அவனையே வெளியேற்றுகிறது.

இங்கிலாந்தின் கதை இதைவிடப் பழையது. 1649 ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவரும் அவருடைய தோழர்களும், சர்ரே மாவட்டத்து செயின்ட் ஜார்ஜ் குன்றில், ஊர்ப்பொதுத் தரிசு எல்லா மக்களுக்கும் சொந்தம் என்று கூறிக் காரட்டும் அவரையினமும் பயிரிட்டார்கள். பக்கத்து நிலக்கிழார்கள் ஓராண்டுக்குள் அடித்து விரட்டிவிட்டார்கள். அந்தக் குன்று இப்போது காவல் போட்ட தனியார் மாளிகைகளும் கோல்ஃப் மைதானமும் உள்ள கோடீசுவரர் பேட்டை. பின் வந்த இரு நூற்றாண்டுகளில் பார்லிமென்டுச் சட்டங்களே ஊர்ப்பொது நிலங்களை வேலியடைத்துப் பெரிய பண்ணைகளோடு சேர்த்தன; 1845-ஆம் வருஷத்துச் சட்டம், வேலியடைக்கும்போது ஏழைகளுக்குச் சிறிது தோட்ட நிலம் ஒதுக்கச் சொல்லிற்று என்றாலும், அதன்படி அடைக்கப்பட்ட ஆறு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் முதல் கால் நூற்றாண்டில் ஏழைகளுக்குப் போனது இரண்டாயிரம் ஏக்கர் சொச்சமே.

ஆனால் அதே இங்கிலாந்து 1908-இல் செய்த ஒரு காரியத்தை நான் மெச்சுகிறேன். அவ்வாண்டின் சிறுநிலச் சட்டம், தோட்டத்துண்டு கேட்பவருக்கு அதை ஏற்பாடு செய்வது உள்ளூராட்சியின் கடமை என்று விதித்தது. வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து மனுக் கொடுத்தால் ஊராட்சி அதைப் பரிசீலித்தே ஆகவேண்டும். 1925-இல் வந்த மற்றொரு சட்டம், தோட்டத்துக்கென்றே பெறப்பட்ட நிலத்தை அமைச்சரின் சம்மதமின்றி விற்கக் கூடாது என்று தடுத்தது. துண்டின் அளவு சுமார் 250 சதுர மீட்டர். அதாவது நம் கணக்கில் ஆறு சென்ட். இந்தச் சட்டங்களால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. இன்றும் பல ஊர்களில் துண்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள், சில ஊர்களில் சட்டத்தின் சந்துகளில் புகுந்து நிலத்தை விற்றும் இருக்கிறார்கள். ஆயினும் காத்திருப்பவன் கேட்பது சலுகையை அன்று. சட்டம் தனக்கு வகுத்த பங்கை. நியூயார்க்கின் தோட்டக்காரனோ நகராட்சி கொடுத்த உரிமத்தைச் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, அடுத்த மேயர் எப்படிப்பட்டவரோ என்று வானத்தைப் பார்க்கிறவன்.

தோட்டம் நிலைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அங்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வோய்க்கூ, பீன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவரும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தோட்டம் ஏற்பட்ட இடத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் உள்ள வீடுகளின் விலை, தோட்டத்தால் உயர்கிறது. காலம் செல்லச் செல்ல மேலும் உயர்கிறது. மிக ஏழைப் பேட்டைகளில்தான் அந்த ஏற்றம் மிகுதி. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது சதவிகிதத்துக்கு மேலும் போகலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. வீட்டுக்காரருக்கு இனிக்கும் இந்தச் செய்தி குடக்கூலிக்காரருக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தன் கையால் கொத்திய பாத்தியால் வாடகை ஏறி, தானே பேட்டையை விட்டுப் போக நேர்ந்தவளுக்கு அத்தோட்டம் என்ன சமத்துவத்தைக் கொடுத்தது? தோட்டத்தோடு வாடகைக் கட்டுப்பாடும் நிலையான குடியிருப்பும் சேராத இடத்தில், தோட்டம் புதிதாக வரும் பணக்காரர்களுக்கு ஏழைகள் போட்டுவைத்த பூங்காவாகிவிடும். மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இது கண்கூடாக நடந்திருக்கிறது.

உள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. வாயிற்சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நான் மேலே சாதாரணமாகச் சொல்லிப் போனேன். பத்து வருஷமாகச் சாவி வைத்திருப்பவருக்குத் தோட்டமே தம்முடையது என்ற எண்ணம் தலைதூக்குவது மனித சுபாவம். புதிதாக வந்த வங்காளக் குடும்பமோ மெக்சிகோக் குடும்பமோ வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகும். பருவகாலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரமாவது வாயில் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று க்ரீன்தம் விதித்திருப்பது இந்தக் காரணத்தால்தான். அந்த விதியைச் சுமையாகக் கருதி முணுமுணுக்கும் தோட்டக்காரர்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் அனுதாபம் இல்லை.

1999-இல் பொது நில அறக்கட்டளை வாங்கிய தோட்டங்களின் பிற்கால வரலாறுதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. பொது நில அறக்கட்டளையார் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. மன்ஹாட்டனுக்கு ஒன்று, பிராங்ஸுக்கு ஒன்று, ப்ரூக்ளினுக்கும் குவீன்ஸுக்கும் சேர்த்து ஒன்று என்று மூன்று நில அறக்கட்டளைகளை ஏற்படுத்தி, தோட்டக்காரர்களையே அவற்றின் நிர்வாகத்தில் அமர்த்தி, கணக்கும் சட்டமும் பழக்கி, பத்தாண்டுக்கு மேல் கைபிடித்து நடத்தி, பின்னர் நிலப்பத்திரத்தையே அவற்றின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நிலம் எவனுக்கும் தனிச்சொத்தன்று. ஆதலால் எவனும் விற்க முடியாது. நகராட்சியின் இரவலும் அன்று; ஆதலால் எந்த மேயரும் ஏலம் கூற முடியாது. நடுவில் உள்ள இந்த மூன்றாவது வகை உடைமை நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதும் அன்று. அரசாங்கப் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் மகசூலை மட்டும் ஒருவர் அனுபவிக்க, நிலத்துக்குப் பாத்தியதை தராமல், நம் வருவாய்த் துறை '2சி பட்டா' என்று ஒன்றைக் கொடுத்து வந்ததைக் கிராமக் கணக்கு அறிந்த பெரியவர்கள் இங்கே நினைவுகூர்வார்கள். மண் சர்க்காருடையது, புளி வைத்தவனுடையது என்று பிரித்துக் காணத் தெரிந்த சட்டத்துக்கு, பாத்தியை ஒரு சங்கத்தின் பெயரால் நீண்ட காலத்துக்கு எழுதிவைப்பது செய்ய முடியாத வித்தையன்று.

ஆதலால், நகரங்களில் இத்தகைய தோட்டங்களைத் தொடங்க விரும்பி என்னிடம் யோசனை கேட்கும் இளைஞர்களிடம் நான் விதையைப் பற்றியோ எருவைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. அவை தெரிந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நிலம் எந்தத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது, எழுத்து மூலம் எத்தனை ஆண்டுக்குக் கொடுக்கிறார்கள், திரும்பக் கேட்டால் எவ்வளவு காலம் முன்னறிவிப்பு, மாற்றிடம் உண்டா, பத்திரம் தனி ஒருவர் பெயரிலா சங்கத்தின் பெயரிலா, பக்கத்துக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்கள் அச்சங்கத்தில் எத்தனை பேர் என்று கேட்கிறேன். உற்சாகம் குன்றிச் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். இருந்து பதில் தேடிக்கொண்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து மனு எழுதுகிறோம்.